நம் பிள்ளைகளின் பள்ளிக்கு ஊர்க்கடைகளின் பங்கு

(போர்டிக்சன் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், கிராணிமார்கள், பெற்றோர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சம்பளத்தைப் பற்றியும் வேலை நிரையைப் பற்றியும் பேசுவதற்கு நாம் பலமுறை கூடியிருக்கிறோம். இன்று கூடியிருப்பது நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களுக்காக. பள்ளியிலே பாடம் நடக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், புத்தகம் இருக்கிறது. ஆனால் விளையாட்டுப் போட்டி நாள் வந்தால் சட்டைக்குப் பணம் இல்லை. பரிசளிப்பு விழா வந்தால் பரிசுக்குப் பணம் இல்லை. மாலை வகுப்பு வைக்கலாம் என்றால், வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வேனுக்குப் பணம் இல்லை. பேச்சுப் போட்டிக்குச் சிரம்பானுக்குப் போகவேண்டும் என்றால், நன்றாகப் பேசுகிற பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. யாரிடமாவது கார் இருந்தால்தான் அது போய்ச் சேர்கிறது.

இந்தச் செலவுகளுக்கு ஊரிலுள்ள கடைகளிடமும் தொழில் நிலையங்களிடமும் உதவி கேட்கலாமா, கேட்டால் எப்படிக் கேட்பது, எதைக் கேட்கக்கூடாது, வந்த பணத்துக்கு யார் பொறுப்பு என்பவற்றைத்தான் நாம் இங்கே பேசித் தீர்மானிக்க வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உரிமையாகப் பெறவேண்டியதை நாம் உரிமையாகவே கேட்போம். உதவியாகப் பெறவேண்டியதைக் கணக்கோடு கேட்போம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டும் நம் கையைவிட்டுப் போய்விடும்.

பள்ளிகளின் இன்றைய நிலை

சுவா பெத்தோங், சுங்கலா, தானா மேரா, பிராட்வால், ஆதர்டன் என்று நம் வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளின் பெயரைச் சொன்னாலே அவை தோட்டங்களில் பிறந்தவை என்பது விளங்கும். பெயர் நிற்கிறது, தோட்டம் பழைய தோட்டமாக இல்லை. ரப்பர் மரம் இருந்த மலைச்சரிவுகளில் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் தாமான்கள் வந்தன. லயத்தில் இருந்த குடும்பங்கள் லுக்குட்டுக்கும் பட்டணத்துக்கும் சிரம்பானுக்கும் பெயர்ந்து போய்விட்டன. பெரட்டு மணி அடித்தால் கேட்கிற தூரத்தில் பள்ளி இருந்த காலம் ஒன்று. இன்று பிள்ளை ஓரிடத்தில், பள்ளி வேறிடத்தில்.

1957-ஆம் ஆண்டில் மலாயா சுதந்திரம் பெற்றபோது நாட்டில் 800-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று அதிகமாக இருக்கின்றன. மறைந்த பள்ளிகளில் பலவற்றுக்கு நேர்ந்தது ஒன்றேதான். தோட்டம் துண்டாடப்பட்டது, மக்கள் போனார்கள், பிள்ளைகள் குறைந்தார்கள், பள்ளி வேறொன்றோடு இணைக்கப்பட்டது அல்லது மூடப்பட்டது.

ஆகவே வேன் வாடகை என்பது சில்லறைச் செலவு என்று யாரும் எண்ணவேண்டாம். பிள்ளைகள் குறைவான பள்ளியில் பத்துப் பிள்ளைகள் வந்து சேர்வதும் சேராததும் அந்த வேனைப் பொறுத்திருக்கலாம். விளையாட்டுப் போட்டியும் கலைநிகழ்ச்சியும் அப்படித்தான். பட்டணத்தில் உள்ள பெரிய பள்ளியையும் தோட்டத்துச் சிறிய பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் தாய், எந்தப் பள்ளியில் தன் பிள்ளை நாலு பேர் முன்னால் நின்று பேசக் கற்றுக்கொள்ளும் என்றுதான் பார்ப்பாள். அப்படிப் பார்ப்பதில் தவறும் இல்லை.

உரிமை வேறு, உதவி வேறு

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி என்பது யாருடைய தயவாலும் தொடங்கியதன்று. 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளிக்குப் போகும் வயதுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அங்கே பள்ளி வைக்கவேண்டியது தோட்ட நிர்வாகத்தின் கடமையாயிற்று. சட்டம் இருந்தது, நடப்பு எப்படி இருந்தது என்பதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பல இடங்களில் லயத்தின் ஓர் ஓரமே பள்ளிக்கூடம். மண்டோரோ கிராணியோ மாலையில் வந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் அதுவே பாடம். பிறகு 1957-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வந்தது. தமிழ்ப் பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்பின் உள்ளே வந்தன. 1962-ல் தொடக்கப் பள்ளிக் கட்டணம் எடுக்கப்பட்டது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பு. ஆனால் பள்ளி நிற்கும் நிலம் தோட்டக் கம்பெனியின் பெயரில் இருந்ததால், தோட்டத்துப் பள்ளிகள் பல முழு உதவி பெறாமல் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நெடுங்காலம் இருந்தன. கட்டடத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் இவர் அவரைக் காட்டுவார். அவர் இவரைக் காட்டுவார்.

இந்தச் சரித்திரத்தை ஏன் சொல்கிறோம்? கூரை ஒழுகினால் நாம் மளிகைக் கடைக்குப் போகக்கூடாது. கல்வி இலாகாவுக்குப் போகவேண்டும் என்பதற்காகத்தான். கழிப்பறை, குடிதண்ணீர், மின்சாரம், நாற்காலி, மேசை, ஆசிரியர் பற்றாக்குறை இவையெல்லாம் அரசாங்கத்திடம் எழுத்து மூலம் கேட்கவேண்டியவை. பள்ளி நிற்கும் நிலம், பிள்ளைகள் ஓடும் திடல், தோட்டத்துக்குள் போகும் பாதை இவையெல்லாம் நிர்வாகத்திடம் பேசித் தீர்க்கவேண்டியவை. நல்ல மனம் படைத்த ஒரு கடைக்காரர் இன்று ஒழுகும் கூரையை மாற்றிக் கொடுத்துவிட்டால், அதோடு அந்தக் கோப்பு மூடப்படும். அடுத்த ஆண்டு சுவரில் வெடிப்பு விழுந்தால், "போன தடவை செய்தவரையே கேளுங்களேன்" என்பார்கள். உதவியைக் கொண்டு உரிமையின் வாயை அடைப்பதற்கு நாமே வழி செய்து கொடுத்ததாகும்.

ஆகவே கடைக்காரரிடம் போவதற்கு முன்னால் இரண்டு பட்டியல்கள் எழுதவேண்டும். முதற்பட்டியலில் அரசாங்கமும் நிர்வாகமும் செய்யவேண்டியவை. இரண்டாம் பட்டியலில் அவற்றுக்கு மேற்பட்டவை: விளையாட்டு உடை, பரிசு, போட்டிப் பயணம், கல்விச் சுற்றுலா, மாலை வகுப்புக்குச் சிற்றுண்டி, நூலகத்துக்குக் கதைப் புத்தகம், வேன் வாடகையில் ஒரு பகுதி. இரண்டாம் பட்டியலை மட்டுமே கையில் எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போவோம்.

கடைவீதியின் பணம் எங்கிருந்து வந்தது?

"கடைக்காரரிடம் கேட்பது பிச்சை எடுப்பது போலல்லவா?" என்று நம்மில் சிலர் கூசுகிறார்கள். அந்தக் கூச்சம் மரியாதைக்குரியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சம்பளம் போட்ட அன்று நம் பணம் எங்கே போகிறது? அரிசிக் கடைக்கு, மீன் கடைக்கு, துணிக்கடைக்கு, மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு, ஒட்டுக்கடைக்கு, கைத்தொலைபேசிக் கடைக்கு. விடுமுறை நாளில் தெலுக் கெமாங் கடற்கரைக்கு வரும் வெளியூர்க்காரர்களால் ஓட்டல்கள் பிழைப்பது உண்மை. ஆனால் வாரத்தின் மற்ற நாட்களில் கடைவீதியின் கல்லாப்பெட்டியில் விழுவது, இந்த வட்டாரத்தில் உழைக்கிறவர்களின் வெள்ளிதான். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே ஊர். ஊர்ப்பிள்ளை படித்தால் ஊருக்கே நன்மை. இதைக் கடைக்காரரும் அறிவார். நாம் போய்ச் சொல்லாமல் இருப்பதுதான் குறை.

வணிகர்கள் பள்ளிக்குப் பங்கு கொடுப்பது தமிழர்களுக்குப் புதிய பழக்கமும் அன்று. விருதுநகர் வணிகர்களிடம் 'மகமை' என்று ஒரு முறை இருந்தது. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை ஒதுக்கிப் பொதுப்பெட்டியில் போடுவார்கள். அந்தப் பொதுப்பணம் கோயிலுக்கும் கிணற்றுக்கும் போனது. பின்னர் பள்ளிக்கூடத்துக்கும் போனது. அவர்கள் நடத்திய க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று திரட்டியும் கொடுத்தார்கள். வியாபாரி மூட்டைக்குச் சில காசு. வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசி. இரண்டும் சேர்ந்து ஒரு பள்ளி. அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான காமராசர்.

நம் கண்ணெதிரே இருந்த இன்னொரு சான்றையும் சொல்வோம். சிங்கப்பூர் ரப்பர் வணிகர் டான் கா கீ என்பவர் 1919-ல் சிங்கப்பூரில் சீன உயர்நிலைப் பள்ளி எழுவதற்கும், 1921-ல் சீன நாட்டின் ஆமோய் நகரில் பல்கலைக்கழகம் எழுவதற்கும் முன்னின்று பொருள் தந்தார். 1953-ல் இன்னொரு ரப்பர் வணிகர் டான் லார்க் சை, நன்யாங் பல்கலைக்கழகம் வேண்டுமென்று கூறி 50 லட்சம் வெள்ளி கொடுத்தார். அவர் கொடுத்தது பெரிது. அதைவிடப் பெரியது ஒன்று அப்போது நடந்தது. திரிஷா மிதிப்பவர்களும் வாடகைக் கார் ஓட்டுபவர்களும் ஒருநாள் வருமானத்தைத் திரட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலாளியின் காசோலையும் திரிஷாக்காரரின் சில்லறையும் ஒரே பெட்டியில் விழுந்தன. அந்த ரப்பர் பணத்தின் தொடக்கம் எது? விடியுமுன் எழுந்து, உளி பிடித்து, மங்கு வைத்து, வாளி சுமந்தவர்களின் உழைப்பிலும்தான். மலாயாவின் ரப்பரில் பிறந்த செல்வம் கடல் கடந்து கல்விச்சாலையாக நின்றது என்றால், அந்த ரப்பரை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வேன் வாடகை கேட்பதில் கூச்சம் எதற்கு?

நம்மவரும் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டுகளில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத் துறை தொடங்கப்போகிறது, அதில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்கவேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுங்கள் என்பதே வேண்டுகோள். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள் கொடுத்தார்கள். 1956-ல் அந்தத் துறை தொடங்கியது. பல்கலைக்கழக வாசலை மிதிக்காத கைகள் கொடுத்த வெள்ளி, பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ்ப் புத்தகமாயிற்று.

1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் அப்படியே. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவில் நின்ற நேரம் அது. பால்வெட்டுத் தொழிலாளியால் தோட்டம் வாங்க முடியுமா என்று சிரித்தவர்கள் உண்டு. தொழிலாளர்கள் சிறு சிறு தவணையாகப் பங்குப் பணம் கட்டினார்கள். 1961-ல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அந்தச் சங்கத்தின் கைக்கு வந்தது.

இந்த நான்கு செய்திகளிலும் பொதுவாக நிற்பது ஒன்று. முதற்காசு எளியவர்களிடமிருந்தும் வந்தது. தன் பிள்ளைக்குத் தானே கொடுக்காதவன் பிறரிடம் கேட்டால், கேள்விக்கு எடை இருக்காது. நம் பெட்டியில் நம் வெள்ளி விழுந்த பிறகு கடைவீதிக்குப் போனால், நாம் கேட்பது பங்கு, கொடுப்பவரும் பங்காளி.

பொருளைச் சொல்லிக் கேட்பது

எப்படிக் கேட்பது என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு முயற்சி நமக்குப் பாடமாகும். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் அது ஊர்மக்கள் கொடுத்ததை நம்பியே நடந்தது; பிறகு அரசாங்கமும் பங்கு கொடுக்க முன்வந்தது. அதைக் கண்ட கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்ற முறையை ஏற்படுத்தினார். 1958-ல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கி, மாகாணம் முழுவதும் இம்மாநாடுகள் நடந்தன.

அங்கே மேடையில் ஏறி, "கல்விக்கு உதவுங்கள்" என்று பொதுவாகப் பேசிவிட்டுத் துண்டை விரிக்கவில்லை. முன்கூட்டியே ஒவ்வொரு பள்ளியாகப் போய், இந்தப் பள்ளிக்குக் கரும்பலகை இத்தனை, பெஞ்சு இத்தனை, தேசப்படம் ஒன்று, சுவர்க் கடிகாரம் ஒன்று, தண்ணீர்ப் பானை ஒன்று என்று பட்டியல் எடுத்தார்கள். பட்டியலை ஊரார் முன் வைத்தார்கள். கடிகாரம் ஒருவர் கொடுத்தார்; பெஞ்சு ஒருவர் கொடுத்தார்; வசதியுள்ளவர் நிலம் கொடுத்தார்; வசதியற்றவர் பானை கொடுத்தார். கொடுத்தவருக்குத் தான் கொடுத்தது எது என்று தெரியும். பள்ளிக்குப் போனால் அது சுவரில் ஓடிக்கொண்டிருக்கும்.

நாமும் அப்படியே செய்யலாம். கணக்குக்காக, 60 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். விளையாட்டுப் போட்டி நாளுக்கு ஒரு பிள்ளைக்குச் சட்டை 15 வெள்ளி என்றால் 900 வெள்ளி. சாப்பாடும் தண்ணீரும் பிள்ளைக்கு 5 வெள்ளி என்றால் 300 வெள்ளி. பரிசுப் பொருள்களுக்கு 300 வெள்ளி. ஆக மொத்தம் 1,500 வெள்ளி. பெற்றோர் குடும்பம் 40 இருந்து, ஆளுக்கு 10 வெள்ளி போட்டால் 400 வெள்ளி நம் கையிலிருந்தே வந்துவிடும். மிச்சம் 1,100 வெள்ளி. கடைக்கு 100 வெள்ளி வீதம் பதினொரு கடைகள் போதும். பத்து வெள்ளி கொடுக்க முடியாத குடும்பம் இரண்டு வெள்ளி கொடுக்கட்டும். இரண்டு வெள்ளியும் முடியாத தாய் அன்று சமையலுக்கு வந்து நிற்கட்டும். அதுவும் வரவுதான், அதையும் பெயரோடு எழுதவேண்டும்.

பணமாகவே கேட்கவேண்டும் என்பதும் இல்லை. அச்சகக்காரர் அழைப்பிதழ் அடித்துத் தரலாம். லாரி வைத்திருப்பவர் பந்தல் கம்புகளை ஏற்றி இறக்கிக் கொடுக்கலாம். ஒட்டுக்கடைக்காரர் அன்றைக்கு நாசி லெமாக் கட்டிக் கொடுக்கலாம். வேன் வைத்திருப்பவர் மாதத்தில் நாலு நாள் வாடகையில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். கடற்கரை ஓட்டல்காரர், கூட்டமில்லாத ஒரு வாரநாளில் பரிசளிப்பு விழாவுக்குத் தம் மண்டபத்தைத் தரலாம். 1960-களில் இந்தக் கடற்கரையில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. பின்னர் மின்நிலையங்களும் பெருகின. அத்தகைய பெரிய இடங்களுக்கு ஒரு பள்ளி மட்டும் தனியாக எழுதினால் கடிதம் மேசையில் கிடக்கும். வட்டாரத்துப் பள்ளிகள் ஒன்றுசேர்ந்து, ஒரே கடிதத்தில், ஆண்டு முழுவதற்குமான ஒரே திட்டத்தைக் காட்டிக் கேட்டால் பதில் வருவதற்கு இடமுண்டு.

வாசலில் நிற்பவர் யார்?

கடைக்குப் போகிறவர்கள் மூவராகப் போகவேண்டும் என்பது நம் யோசனை. ஒருவர் பால்வெட்டுத் தொழிலாளி, ஒருவர் கிராணி, ஒருவர் பிள்ளையைப் பெற்ற தாய். தொழிலாளி நிலைமையைச் சொல்வார். கிராணி கணக்கைக் காட்டுவார். தாய் எதுவும் பேசாமல் நின்றாலும் போதும். கையில் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும் கையெழுத்திட்ட கடிதம் இருக்கவேண்டும். வியாபாரம் மும்முரமாக நடக்கிற மாலை நேரத்திலும், மாதக் கடைசியிலும் போகக்கூடாது. சீனத் தவுக்கே, மலாய்க் கடைக்காரர், தமிழ் முஸ்லிம் உணவகக்காரர் என்று பார்க்காமல் எல்லாரிடமும் போகவேண்டும். நாம் எல்லார் கடையிலும் வாங்குகிறோம்; கேட்பதில் மட்டும் ஏன் பிரித்துப் பார்க்கவேண்டும்? அவர்களுக்குப் புரியும் மொழியில் கடிதம் இருக்கட்டும்.

இல்லை என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வரவேண்டும். முகம் சுளிக்கக்கூடாது. "உங்கள் கடையில் இனி வாங்கமாட்டோம்" என்ற பேச்சு நம் வாயில் வரவே கூடாது. மிரட்டி வாங்கிய வெள்ளியில் பிள்ளைக்குப் பரிசு கொடுப்பதைவிடப் பரிசில்லாமல் இருப்பது மேல்.

பிள்ளைகளின் கையில் உண்டியலைக் கொடுத்துக் கடைவீதியில் நிறுத்தவே கூடாது. வெயிலில் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு நிற்கும் பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்வது என்ன என்று நினைத்துப் பாருங்கள். ஆசிரியர்களை வசூலுக்கு அனுப்பவும் கூடாது. அவர்கள் வேலை வகுப்பில். வசூல் நம் வேலை.

சட்டத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். வீடுவீடாகவும் தெருக்களிலும் நிதி வசூலிப்பதைக் கட்டுப்படுத்தும் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்நாட்டில் இருக்கிறது. அத்தகைய வசூலுக்குப் போலீஸ் அனுமதி தேவை. ஆகவே புறப்படுமுன் காவல் நிலையத்திலும் கல்வி அலுவலகத்திலும் விசாரித்து, வேண்டிய அனுமதியைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரிய கம்பெனிகள் வருமான வரிக்கழிவுக்கு ரசீது கேட்கும். 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற நிதிக்குக் கொடுத்தால்தான் அந்தக் கழிவு கிடைக்கும். சங்கத்தின் சாதாரண ரசீது அதற்குப் போதாது. இருக்கிறது என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு இல்லை என்றால் அடுத்த முறை அந்த வாசல் திறக்காது. முதலிலேயே உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

எந்தப் பணம் வேண்டாம்?

இது கசப்பான விஷயம். ஆனாலும் பேசித்தான் ஆகவேண்டும். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்தது நாமறிந்ததே. அந்தக் கடையின் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடுவதற்காகக் கள்ளு நிதி என்று ஒன்று வைத்திருந்தார்கள். திடலுக்கும் திருவிழாவுக்கும் அதிலிருந்து பணம் போகும். அப்பன் குடித்த காசில் பிள்ளைக்குப் பந்து! வீட்டில் அரிசிக்கு இல்லாமற்போன வெள்ளி, சுற்றி வந்து நலநிதியாக நின்றது. அதை உபகாரம் என்று சிலர் புகழ்ந்தார்கள். நம் தாய்மார்கள் ஒருநாளும் புகழ்ந்ததில்லை.

அண்மையில் நமக்குப் பக்கத்திலேயே இந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. 2024 ஜூலையில், சிப்பாங் வட்டாரத்துச் சுங்கை பெலேக் சீனப் பள்ளிக்காக நடந்த நிதி திரட்டும் இசைநிகழ்ச்சியில் ஒரு பீர் நிறுவனத்தின் சின்னம் தெரிந்தது பெரிய விவாதமாயிற்று. அந்த நிறுவனத்தின் ஆதரவோடு சீனப் பள்ளிகளுக்கு நெடுங்காலமாகப் பெருந்தொகை திரட்டப்பட்டு வந்தது. இத்தகைய கொடையைப் பள்ளிகள் பெறலாம், ஆனால் சின்னங்களைப் பள்ளியில் காட்டக்கூடாது என்ற வகையில் அமைச்சரவை முடிவு கூறியது.

மற்றவர்களுக்கு நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டு வழக்கம் வேறு. அவர்கள் பட்ட பாடு வேறு. ஆனால் கள்ளும் சம்சுவும் நம் லயங்களில் செய்த அழிவை வேறு யாரைவிடவும் நாம் நன்றாக அறிவோம். ஆகவே சட்டம் எங்கே இடம் கொடுத்தாலும், மது, சிகரெட், சூதாட்டம் இவற்றின் பணத்தை நம் பிள்ளைகளின் நிகழ்ச்சிக்கு நாம் கேட்கவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. தொகை குறைந்தால் குறையட்டும். பதினொரு கடைக்குப் பதிலாக இருபது கடை ஏறுவோம்.

கட்சிப் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். கொடுக்க வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் கொடுக்கட்டும். பிள்ளைகளைக் கொடி பிடித்து வெயிலில் நிறுத்தமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். கொடுத்த கடையின் பெயரை அழைப்பிதழில் நன்றியோடு போடுவோம், விழாவில் வாசிப்போம். நூறு வெள்ளி கொடுத்தவருக்கும் ஆயிரம் வெள்ளி கொடுத்தவருக்கும் ஒரே அளவு எழுத்து. பள்ளியின் பெயரோ, பிள்ளைகளின் நேரமோ, தலைமையாசிரியரின் முடிவோ விற்பனைக்கு இல்லை.

கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்

பணம் திரட்டுவது கஷ்டமன்று, தோழர்களே. திரட்டிய பணத்துக்கு நல்ல பெயர் தேடிக் கொடுப்பதுதான் கஷ்டம். நல்ல நோக்கத்தோடு தொடங்கிய எத்தனையோ நிதிகள், காசு தொலைந்ததால் அழியவில்லை; கணக்குத் தெரியாததால் அழிந்தன. "அவன் தின்றுவிட்டான்" என்ற ஒரு சொல் பெரட்டில் பரவிவிட்டால், நேர்மையானவனும் தலை குனிவான். அடுத்த ஆண்டு யாரும் பொறுப்பேற்க வரமாட்டார்கள்.

இங்கேதான் கிராணிமார் நண்பர்களின் துணை வேண்டும். நாள்தோறும் பால் எடையையும் கட்டிப்பாலையும் ஒட்டுப்பாலையும் பிசகாமல் பேரேட்டில் ஏற்றுகிற கை உங்களுடையது. அந்தக் கையை ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பள்ளிக்குக் கொடுங்கள். வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம் வேண்டும். ஒரு வெள்ளி வந்தாலும் ரசீது வேண்டும். பணம் யார் வீட்டிலும் தங்கக்கூடாது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வங்கிக் கணக்கில் மறுநாளே போய்ச் சேரவேண்டும். எடுப்பதற்கு ஒருவர் கையெழுத்துப் போதாது. நிகழ்ச்சி முடிந்து பதினைந்து நாட்களுக்குள் வரவு செலவு தமிழில் எழுதப்பட்டு, பள்ளி அறிவிப்புப் பலகையிலும் கோயில் வாசலிலும் ஒட்டப்படவேண்டும். அதன் பிரதியும், நிகழ்ச்சியின் ஒரு புகைப்படமும், பிள்ளைகள் கைப்பட எழுதிய நன்றிக் கடிதமும் கொடுத்த ஒவ்வொரு கடைக்கும் போகவேண்டும். மிஞ்சிய பணம் எவ்வளவு, அது எதற்கு வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் அதிலே இருக்கவேண்டும்.

தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பலகையில் ஒட்டிய கணக்கை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், கடைவாசலில் முணுமுணுக்காதீர்கள். கேள்வி கேட்கிறவர் பள்ளிக்கு விரோதி அல்லர். கேட்ட கேள்விக்குத் தாளைக் காட்டிப் பதில் சொல்லும் பொருளாளரே நமக்கு வேண்டியவர்.

இனிச் செய்யவேண்டியது

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு பள்ளியும் ஒரு மாதத்துக்குள் இரண்டு பட்டியல்களைத் தயார் செய்யவேண்டும். முதற்பட்டியலைக் கல்வி இலாகாவுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். பதில் வரும்வரை விடாமல் எழுதவேண்டும். இரண்டு, கடைவீதிக்குப் போகுமுன் பெற்றோரிடமிருந்தும் முன்னாள் மாணவரிடமிருந்தும் முதற்பங்கைத் திரட்டவேண்டும். சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் நல்ல வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் இந்தப் பள்ளிகளில் அரிச்சுவடி படித்தவர்கள்தாம். அவர்களுக்கும் கடிதம் போகட்டும். மூன்று, பள்ளிக்கு மூவர் கொண்ட குழு அமைத்து, இரண்டாம் பட்டியலோடு கடைகளுக்குப் போகவேண்டும். நான்கு, கணக்கை ஒட்டாத பள்ளிக்கு மறு ஆண்டு வட்டார வசூலில் பங்கில்லை என்று இப்போதே தீர்மானிக்கவேண்டும்.

தோழர்களே! நம் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்தபோது பள்ளிக்கூடம் தேடி வரவில்லை. பிழைப்புத் தேடி வந்தார்கள். இருந்தும் லயத்தின் ஓரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து அ, ஆ சொல்லிக்கொடுத்தார்கள். அன்று அவர்களிடம் இருந்தது மிகவும் கொஞ்சம். இன்று நமக்குச் சங்கம் இருக்கிறது, வாக்கு இருக்கிறது, எழுத்து இருக்கிறது, வாங்கும் கடைவீதி ஒன்று முழுவதும் இருக்கிறது. முதற்பட்டியலை எழுதுவதற்கான தாள், கூட்டம் முடிந்தவுடன் வாசலில் உள்ள மேசையில் கிடைக்கும். ஒவ்வொரு பள்ளியின் சார்பிலும் ஒருவர் வாங்கிக்கொண்டு, பெயரும் கையெழுத்தும் வைத்துவிட்டுப் போகும்படி வேண்டிக்கொள்கிறோம்.